பீனோல் போத்தலைத் திறக்கும் முன்

பீனோல் என்ற இரசாயனம் தோலில் பட்டால் முதலில் நோகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். செறிந்த அமிலம் பட்டால் சுடும், கை தன்பாட்டில் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும். பீனோல் பட்ட இடமோ சற்று நேரத்தில் விறைத்துவிடுகிறது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து, கையிலிருக்கும் வேலையை முடிக்கப் பார்ப்போம். அந்த இடைவெளியில் அது தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும். பீனோல் விபத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் வெளியே தெரியும் புண் அல்ல, தோல் வழியாக உள்ளே போன நஞ்சுதான். ஆகவே வலியை நம்பி நடக்கக்கூடாது. பட்டது தெரிந்த கணத்திலேயே கழுவத் தொடங்க வேண்டும்.

நான் திருகோணமலையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறவள். நிலாவெளி, குச்சவெளிக் கிணற்று நீர், தம்பலகாமக் குடாவின் நீர், ஹோட்டல்களின் கழிவுநீர் என்று எது வந்தாலும் அதில் அமோனியா எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலைகளில் ஒன்று. அதற்கான பழைய முறையில் பீனோல் சேராமல் நிறம் வராது. அமோனியா, ஐப்போகுளோரைற்று (பிளீச்சில் இருப்பது), பீனோல் மூன்றும் காரக் கரைசலில் சேர்ந்து கடும் நீலம் தருகின்றன. அந்த நீலத்தை 640 நனோமீற்றர் ஒளியில் அளக்கிறோம். இதற்காகவே ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் பீனோல் போத்தலைத் திறக்க வேண்டியிருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒருவருக்காகத்தான். பாடசாலை ஆய்வுகூடத்திலும் வைத்தியசாலையிலும் படகுப் பட்டறையிலும் இதே பொருளை வேறு பெயரில் கையாளுகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

இது எங்கெல்லாம் இருக்கிறது

1834இல் ஜேர்மன் வேதியியலாளர் ருங்கே இதை நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். கார்போலிக் அமிலம் என்பது பழைய பெயர். 1865இல் கிளாஸ்கோவில், வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனின் காயத்தை அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் இதில் நனைத்த துணியால் கட்டிச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். நோய்க்கிருமியைக் கொல்லும் அறுவைச் சிகிச்சை முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1907இல் வேதியியலாளர் பேக்லண்ட், பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து பேக்லைட் செய்தார். பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் கறுப்பு மின்சுவிட்சுகளும் சட்டிக் கைப்பிடிகளும் அந்த வழிவந்தவை. இன்று உலகில் பீனோல் பெரும்பாலும் பென்சீனிலிருந்து, கியூமீன் என்ற இடைப்பொருள் வழியாகத் தயாரிக்கப்படுகிறது. கூடவே அசற்றோனும் கிடைக்கிறது. பீனோலில் மிகப்பெரிய பங்கு பிஸ்பீனோல் ஏ ஆகி, எபொக்சிப் பிசினுக்கும் கடினமான கண்ணாடி பிளாஸ்டிக்குக்கும் போகிறது. மீதி ஒட்டுப்பலகைப் பசை, பிரேக் லைனிங், நைலோன் என்று பிரிகிறது. அஸ்பிரினுக்கு வேண்டிய சலிசிலிக் அமிலமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இறுகிப்போன பேக்லைட்டையோ ஒட்டுப்பலகையையோ தொடுவதால் ஒன்றும் ஆகாது. இறுகாத பிசினில்தான் சேராத பீனோலும் போமல்டிகைட்டும் மிஞ்சியிருக்கும். கொட்பேயிலும் சீனக்குடாப் பக்கத்திலும் படகுத் திருத்த வேலை செய்கிறவர்கள் பழைய பெயின்றை உரிக்கும் திரவ ரின்களின் லேபலை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கடுமையான உரிப்பான்கள் சிலவற்றில் பீனோலோ அதன் உறவுப்பொருளான கிரெசோலோ சேர்க்கப்படுகிறது. மலசலகூடம் கழுவும் கறுப்புத் திரவம் தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிறதென்றால் அதுவும் தார் அமிலங்கள் கொண்ட இதே குடும்பம்தான். பெயர் வேறாக இருந்தாலும் செறிவாக இருக்கும்போது தோலில் அவை செய்யும் வேலை ஒன்றுதான்.

முதலில் கேட்க வேண்டியது: இது இல்லாமல் முடியாதா

முடியும் என்றால் அதைச் செய்யுங்கள். அமோனியாப் பரிசோதனையில் பீனோலுக்குப் பதிலாக சோடியம் சலிசிலேற்றுச் சேர்த்தும் நிறம் வருவிக்கலாம். அளக்கும் அலைநீளமும் நியம வளையியும் (செறிவு தெரிந்த கரைசல்களை அளந்து வரையும் கோடு) மாறும், அவற்றைப் புதிதாகப் போட வேண்டும், அது ஒரு வாரத்து வேலை. அந்த ஒரு வாரத்தைச் செலவழிக்க மனமில்லாமல் ஆண்டுக்கணக்காக நச்சுப் போத்தலோடு குடித்தனம் நடத்தும் ஆய்வுகூடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பட்டறைகளிலும் அப்படித்தான். பீனோல் இல்லாத உரிப்பான் கிடைக்கிறது, வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

மாற்ற முடியாத இடத்தில் குறைந்த அளவை வாங்குங்கள். 500 கிராம் போத்தல் மலிவு என்று சொல்லி வாங்குவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு அது அலுமாரியில் கிடந்து இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கழிவாகப் போகும். 100 கிராம் போதும். இன்னும் நல்லது, ஏற்கெனவே நீர் சேர்த்துத் திரவமாக்கிய பீனோல். எங்கள் முறைக்கு வேண்டியதே அதுதான். 89 சதவீதத்துக்குக் குறையாத திரவ பீனோல் 11.1 மில்லிலீற்றரை 95 சதவீத எதனோலில் கலந்து 100 மில்லிலீற்றராக்கினால் முடிந்தது. பளிங்கை நிறுக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம்.

நம் ஊர் வெக்கையும் பீனோல் போத்தலும்

குளிர்நாட்டில் எழுதிய பாதுகாப்புத் தாளில் பீனோல் திண்மம் என்று போட்டிருக்கும். அதை அப்படியே நம்பித் திருகோணமலையில் போத்தலைத் தூக்கக்கூடாது. தூய பீனோல் உருகுவது ஏறத்தாழ 41 பாகை செல்சியசில். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரை போட்ட களஞ்சிய அறையில் மத்தியானம் அந்த வெப்பத்தை நெருங்குவது பெரிய காரியமல்ல. அதோடு பீனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு நீர் சேர்ந்துவிட்டால் அது சாதாரண அறை வெப்பத்திலேயே திரவமாக நிற்கும். லேபலில் பளிங்கு என்று இருக்கும், உள்ளே பாதி திரவமாக இருக்கும். கரண்டியால் அள்ளலாம் என்று நினைத்து போத்தலைச் சரிக்கிறவரின் மணிக்கட்டில்தான் அது வழிகிறது.

குளிரூட்டி ஓடும் அறையில் வைத்திருந்தால் வேறு பிரச்சினை. அது ஒரே கட்டியாக இறுகியிருக்கும். உருக்குக் கரண்டியால் குத்தி உடைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். சிதறும் துண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குத்தாதீர்கள்.

கட்டியான போத்தலை இப்படி உருக்குங்கள். ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடி அலுமாரியை, நாங்கள் ஃபியூம் கபேட் என்கிறோம், முதலில் ஓடவிடுங்கள். ஒரு மெல்லிய கடதாசித் துண்டைத் திறப்பில் பிடித்துப் பாருங்கள். கடதாசி உள்ளே இழுபட வேண்டும். இழுபடவில்லை என்றால் அன்று அந்த வேலை இல்லை. பிறகு ஆழமான ஒரு பாத்திரத்தில் 45 முதல் 50 பாகை வரையான இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, போத்தலின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, கழுத்துவரை தண்ணீர் ஏறாதபடி நிறுத்தி வையுங்கள். இறுக்கி மூடியபடி சூடாக்கினால் உள்ளே அமுக்கம் ஏறி, திறக்கும்போது முகத்தில் தெறிக்கும். மின்னடுப்பு, மைக்ரோவேவ், நெருப்பு எதுவும் வேண்டாம். 79 பாகையிலேயே இதன் ஆவி தீப்பிடிக்கத்தக்கது. அவசரப்படாமல் நின்றால் விளிம்பிலிருந்து உருகிக்கொண்டு வரும். உருகியதும் வேண்டிய அளவை உறிஞ்சுகுழாயால் எடுங்கள். வாயால் ஒருபோதும் உறிஞ்சாதீர்கள், இறப்பர்ப் பந்து இருக்கிறது.

வைக்கும் இடம்: கபில நிறப் போத்தல், இருட்டு, உலர்ந்த இடம், கண் மட்டத்துக்குக் கீழே, அடியில் பிளாஸ்டிக் தட்டு. பக்கத்தில் நைத்திரிக்கமிலமோ போமல்டிகைட்டுக் கரைசலான போமலினோ குளோரின் தூளோ இருக்கக்கூடாது. போமல்டிகைட்டோடு சேர்ந்தால் கடும் வெப்பம் வெளிவரும். குளோரின் தூளோடு சேர்ந்தாலும் சூடேறி நச்சுப் புகை கிளம்பும். பீனோல் சிந்தியது என்று பதறி பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிற பழக்கம் நம் இடங்களில் உண்டு, அதை விட்டுவிட வேண்டும். சிந்தியதன்மேல் உலர்ந்த மணல் போட்டு, அள்ளி, மூடியுள்ள வாளியில் போடுங்கள். இந்த ஊரில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஒரு வாளி காயவைத்து அறையிலேயே வையுங்கள்.

உடுப்பும் கையுறையும்

பெட்டியில் நூறாக வரும் மெல்லிய நீல நைத்திரைல் கையுறையைப் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பது ஆபத்து. செறிந்த பீனோல் அதை விரைவில் ஊடுருவும். ஊடுருவிய பிறகு கையுறையே அதைத் தோலோடு அழுத்திப் பிடித்து வைத்திருக்கும். வெறுங்கையைவிட அது கெட்டது. பியூட்டைல் இறப்பர் கையுறை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தடித்த நியோபிரீன். விலை கூடத்தான். ஆனால் ஒரு சோடி கவனமாகப் பாவித்தால் நீண்ட காலம் வரும். உள்ளே வியர்வையை உறிஞ்ச மெல்லிய கையுறை ஒன்றைப் போடலாம். போடும்முன் ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

கையுறையின் வாய் மேலங்கியின் கைக்கு வெளியே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் தோல் தெரியக்கூடாது. மோதிரம், வளையல், மணிக்கூடு கழற்றிவைக்க வேண்டும், அவற்றின் அடியில் நின்ற துளி கழுவினாலும் போகாது. பின்னல், சேலைத் தலைப்பு, முக்காட்டின் நுனி எல்லாம் மேலங்கிக்குள் போக வேண்டும். கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடும் கண்ணாடி, ஊற்றும்போது அதன்மேல் முகக் கவசம். காலுக்கு இறப்பர்ச் சப்பாத்து. இந்த வெக்கையில் எல்லோருக்கும் செருப்புத்தான் பிடிக்கும், ஆனால் விழுகிற போத்தல் முதலில் நனைப்பது பாதத்தைத்தான். தோல் சப்பாத்தும் கூடாது, பீனோல் ஊறிய தோலைச் சுத்தம் செய்ய முடியாது, எறியத்தான் வேண்டும்.

சத்திரசிகிச்சை முகமூடி ஆவியைத் தடுக்காது. சேதன ஆவிக்கான வடிகட்டி பூட்டிய மூச்சுக்கவசம் வேண்டும். ஆனால் அது கடைசி அரண். உறிஞ்சு அலுமாரி சரியாக ஓடினால் அதற்குத் தேவையே வராது. வேலையிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 5 பங்கு என்பது அமெரிக்கச் சட்ட எல்லை. 250 பங்கு உடனடி உயிராபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அதன் இனிப்புக் கலந்த தார் மணத்தை மூக்கு இந்த எல்லைக்கு வெகு கீழேயே கண்டுபிடித்துவிடும். ஆகவே மணம் வந்தால் எங்கோ மூடி சரியில்லை என்று தேடுங்கள். அதே அறையில் நெடுநேரம் நிற்கும் மூக்கு பழகிப்போகும் என்பதால், வெளியிலிருந்து வருகிறவர் மணக்கிறது என்று சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். ஆவியும் தோல் வழியாக உள்ளே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டுவிட்டால்

பயிற்சிக்கு மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு பிள்ளை ஒருநாள் பீனோல் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தாள். கையுறைக்கும் மேலங்கிக்கும் நடுவில், மணிக்கட்டின் உள்பக்கத்தில், ஒரு துளி. “ஏதோ பட்டது அக்கா, ஆனால் நோகவில்லை. இதை 100க்கு நிரப்பிவிட்டு வந்து கழுவுகிறேன்” என்றாள். நான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பருப்பளவு இடம், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு நிறத்தில் வெளுத்து, மேல்தோல் மெல்லச் சுருங்கியிருந்தது. அது பார்வைக்கு மட்டுமான ஒப்புமை அல்ல. முட்டை வேகும்போது புரதத்துக்கு நடப்பதே அங்கே தோலின் புரதத்துக்கும் நடக்கிறது. விரலால் தொட்டேன், “தொடுவது தெரியவில்லையே” என்றாள். குடுவையை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாளில் அந்த இடம் பழுப்பாகி, பிறகு உரிந்து, ஆறியது. அவள் நலமாக இருக்கிறாள். துளி என்பதால், உடனே கழுவியதால்.

செய்ய வேண்டியது இது. உதவ வருகிறவர் முதலில் தன் கையில் தடித்த கையுறை போட வேண்டும், இல்லாவிட்டால் நோயாளி இருவராகிவிடுவர். நனைந்த உடுப்பை உடனே அகற்றுங்கள். தலைவழியே கழற்றாமல் கத்தரியால் வெட்டுங்கள், முகத்தில் பூசப்படக்கூடாது. அகற்றும்போதே தண்ணீர் ஓடத் தொடங்க வேண்டும். பெருவாரியாக, விடாமல், குறைந்தது 15 நிமிடம். ஈரத்துணியால் துடைப்பதும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுவதும் உதவாது. கொஞ்சத் தண்ணீர் பீனோலைக் கரைத்துப் பரப்பி, இன்னும் அதிக இடத்தால் உள்ளே போகவே வழிசெய்யும். ஊற்றினால் ஆறுபோல ஊற்ற வேண்டும்.

இதற்கென்று சிறந்த மருந்து ஒன்றிருக்கிறது: பொலிஎதிலீன் கிளைக்கோல் 300 அல்லது 400. எண்ணெய்போலக் கெட்டியான, நிறமற்ற, நஞ்சில்லாத திரவம். பீனோல் அதில் நன்றாகக் கரைந்து தோலிலிருந்து விலகி வரும். பஞ்சையோ காஸ் துணியையோ அதில் தோய்த்துப் பட்ட இடத்தைத் துடைத்து, அந்தத் துணியை எறிந்து, புதிதை எடுத்து, மறுபடி துடைத்து, பீனோல் மணம் முற்றாகப் போகும்வரை தொடருங்கள். பிறகு சவர்க்காரமும் தண்ணீரும். சின்னத் துளி என்றால் உடனே இதைக்கொண்டே தொடங்கலாம். உடம்பில் கொட்டியிருந்தால் முதலில் ஷவர், பிறகு இது. கண்ணுக்கு இதைப் போடக்கூடாது, கண்ணுக்கு வெறும் தண்ணீர் மட்டும், இமையை விரித்துப் பிடித்தபடி 15 நிமிடத்துக்குக் குறையாமல். மருந்தகத்தில் கேட்டால் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மக்ரோகோல் தூளைத் தந்துவிடுவார்கள். அது 3350 அல்லது 4000 என்ற திண்ம வகை, இதற்கு உதவாது. இரசாயனப் பொருள் விற்கிறவர்களிடம் 400 என்று எண்ணோடு சொல்லி வாங்குங்கள். என் ஆய்வுகூடத்தில் விதி ஒன்றுதான்: அந்தப் போத்தல் மேசைக்கு வராமல் பீனோல் போத்தல் மேசைக்கு வராது.

நம் இடங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய இன்னொரு காரணம் வெட்கம். உடம்பில் பீனோல் கொட்டிய ஒருவர், அதுவும் பெண்பிள்ளை, பத்துப் பேர் பார்க்க உடுப்பைக் கழற்றத் தயங்குவார். பார்த்து நிற்கிறவர்களும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் ஓடும் நிமிடங்களில்தான் நஞ்சு ஏறுகிறது. அதற்குத் திட்டுவதில் பயனில்லை, ஏற்பாடு செய்ய வேண்டும். அவசர ஷவரைச் சுற்றி ஒரு திரைச்சீலை போடுங்கள். பக்கத்தில் ஒரு பையில் இரண்டு சாரமும் இரண்டு நீள ஹவுஸ்கோட்டும் துவாயும் வையுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இது செலவு குறைந்த வேலை, எந்த வழிகாட்டி நூலிலும் நான் வாசிக்காதது, ஆனால் ஷவரைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

தண்ணீரையும் பாருங்கள். கூரைத் தொட்டியும் வெயிலில் ஓடும் குழாயும் மத்தியானத்தில் கொதிக்கும் தண்ணீரைத் தரும். யாரும் அதன்கீழ் 15 நிமிடம் நிற்கமாட்டார்கள். ஷவருக்குப் போகும் குழாயை நிழல்வழியே கொண்டுபோங்கள், அல்லது உள்ளே ஒரு பெரிய பீப்பாய் நிறைத்து வையுங்கள். நீர்வெட்டு நாளில் பீனோல் வேலை செய்யாதீர்கள்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்க வேண்டும். சொல்ல வேண்டியவை: பீனோல், உடம்பில் எவ்வளவு இடம், எத்தனை மணிக்கு, எத்தனை சதவீதக் கரைசல். லேபலைப் படம் எடுத்து அனுப்புங்கள். கையகல இடத்தில் பட்டாலே வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும், நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும். தலைச்சுற்று, வியர்வை, குழப்பமான பேச்சு, வலிப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, இரத்த அழுத்தம் விழுவது எல்லாம் சில நிமிடத்திலும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போகும்போது எரித்த தொண்டையைத் திரும்பி வரும்போதும் எரிக்கும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சியல் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் இலக்கத்தை இன்றே கேட்டறிந்து சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வைத்தியர்களே அங்கே ஆலோசனை கேட்பதுண்டு.

மெதுவாக வருவது

விபத்து ஒருநாள் நடக்கும், எல்லோரும் காண்பார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதை யாரும் காண்பதில்லை. லிஸ்டரின் காலத்தில் அறுவைக்கூடங்களில் கார்போலிக் ஆவியைத் தெளித்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்குப் பசியின்மை, தலையிடி, மெலிவு, கறுத்த சிறுநீர் வந்தது பதிவாகியிருக்கிறது. சிறுநீர் கரும்பச்சையாகவோ புகைக் கறுப்பாகவோ போனால் அது ஓர் எச்சரிக்கை. அன்றே வேலையை நிறுத்தி வைத்தியரிடம் தொழிலையும் பொருளின் பெயரையும் சொல்லுங்கள். ஈரலும் சிறுநீரகமும் இதன் குறியிடங்கள். நம் மாவட்டத்தின் உட்பகுதிகளில் சிறுநீரக நோய் ஏற்கெனவே குடும்பங்களை வாட்டுகிறது, அப்படியான வீட்டுப் பிள்ளையைப் பீனோல் வேலைக்கு விடுவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்வது கடமை. கர்ப்பிணிகளையும் இந்த வேலையிலிருந்து மாற்றுங்கள்.

தோலில் வெள்ளைப் படை தோன்றுவது இன்னொன்று. பீனோலின் சில வழித்தோன்றல்கள், குறிப்பாகச் சில கிருமிநாசினிகளிலும் சப்பாத்துப் பசைகளிலும் இருக்கும் பாரா-மூன்றாம்நிலை-பியூட்டைல் பீனோல், தோலுக்கு நிறம் தரும் கலங்களையே அழித்துவிடும். கையில் தொடங்கி, தொடாத இடங்களிலும் படரலாம். நம் சமூகத்தில் அதற்கு என்ன பெயர் சூட்டுவார்கள், கலியாணப் பேச்சில் அது எப்படி வந்து நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது தொற்றும் நோயல்ல, குலத்து நோயும் அல்ல. தொழில் தந்த காயம். கழுவும் வேலை செய்கிற பெண்ணின் கையில் வெள்ளைப் புள்ளி கண்டால் முதலில் அவர் பாவிக்கும் போத்தலை எடுத்துப் பாருங்கள்.

கழுவுகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

வைத்தியசாலைச் சிற்றூழியர்கள் செறிந்த கிருமிநாசினியைக் கண்ணளவில் ஊற்றக்கூடாது. லேபல் சொல்லும் அளவை அளவுக் கோப்பையில் எடுத்து, தண்ணீருக்குள் மருந்தை விடுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது, உங்கள் கைதான் வெடிக்கும். பச்சைக் குழந்தைகள் கிடக்கும் தொட்டிலை பீனோல் வகைக் கிருமிநாசினியால் துடைக்கவே கூடாது. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடியதற்கும் இதற்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். வீட்டில் பூனை இருந்தால் தரை நன்றாகக் காயும்வரை உள்ளே விடாதீர்கள், பீனோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு.

உயர்தர வகுப்பில் பெரிக்குக் குளோரைட்டோடு ஊதா நிறமும் புரோமின் நீரோடு வெள்ளை வீழ்படிவும் காட்ட ஐதான கரைசல் சில மில்லிலீற்றர் போதும். ஒரு சதவீதக் கரைசலை ஆசிரியரே முன்கூட்டித் தயாரித்துத் துளிப்போத்தலில் கொடுக்கட்டும். பளிங்குப் போத்தல் மாணவர் கைக்கு எட்டாமல் பூட்டியிருக்க வேண்டும்.

உரிமை, கழிவு

பாதுகாப்புக் கருவி கேட்பது சலுகை கேட்பதல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் பட்டறை முதலாளிக்கு அந்தக் கடமையை விதிக்கிறது, பார்க்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளருக்கு உண்டு. தொழிலால் காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் இல்லாத விபத்துக்கு நட்டஈடு வாங்குவது கடினம். ஒரு துளி பட்டாலும் திகதி, நேரம், பட்ட இடம், செய்த முதலுதவி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்குங்கள்.

மிஞ்சிய கரைசலைத் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள். உப்புவெளி முதல் குச்சவெளி வரை நம் கரையோரம் மணல்நிலம். ஊற்றியது தடையில்லாமல் இறங்கும், கிணறுகளோ ஆழமில்லாதவை. பீனோல் கலந்த தண்ணீரில் குளோரின் போட்டால் குளோரோபீனோல்கள் உண்டாகின்றன. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே தண்ணீர் மருந்து மணக்கும், கொதிக்கவைத்தும் குடிக்க மனம் வராது. கழிவை லேபல் ஒட்டிய போத்தலில் சேருங்கள், முக்கால் பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். எங்கள் அமோனியாப் பரிசோதனைக் கழிவில் ஐப்போகுளோரைற்றும் இருப்பதால் அதைத் தூய பீனோல் கழிவோடு கலக்கக்கூடாது, தனிப் போத்தல். நிறைந்ததும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வெறும் போத்தலை யாராவது வீட்டுக்குக் கேட்பார்கள். கபிலக் கண்ணாடி, நல்ல மூடி, மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ ஏற்றது என்று தோன்றும். கொடுக்காதீர்கள். கொஞ்ச எதனோலால் மூன்றுதரம் அலசி, அலசியதைக் கழிவில் ஊற்றி, லேபலின்மேல் கறுப்பு மையால் குறுக்கே கோடிட்டு, மூடியை வேறாக்கி, கழிவுப் பெட்டியோடு சேர்த்தே அனுப்புங்கள்.